இலையைத் திருப்பிப் பாருங்கள்: தூத்துக்குடி குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தூத்துக்குடி மாநகரக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும், குறிப்பாக வீட்டு வளவில் ஒரு தென்னையும் ஒரு முருங்கையுமாவது வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

மழை விட்ட கையோடு ஊருக்குள் இரண்டு வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. முருங்கையை மொட்டையாக வெட்டிச் சாய்ப்பது ஒன்று. பவர் ஸ்பிரேயர் பூட்டிய வண்டியை வரவழைத்து, மரத்துக்கு இவ்வளவு என்று பேசித் தெரு முழுக்க மருந்தடிப்பது மற்றொன்று. சில இடங்களில் சங்கத்தின் பொது நிதியிலிருந்தே இதற்குப் பணம் எடுக்கிறார்கள். என்ன பூச்சிக்கு அடிக்கிறீர்கள் என்று வண்டிக்காரரைக் கேட்டால், "எல்லாப் பூச்சிக்கும் சேர்த்துத்தான் அண்ணாச்சி" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்துதான் அது. என் கவலையும் அதுதான்.

முதலில் கறுத்துப்போன இலையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் இலை கறுத்தால் முதல் பழி நிலக்கரிமேல் விழும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. அதன் பக்கத்திலேயே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அனல் மின் நிலையம் இருக்கிறது. தெர்மல் நகர், முத்தையாபுரம் பக்கம் மாடியில் துணி காயப்போடுகிறவர்களிடம் கரித்தூளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆகவே சந்தேகம் நியாயமானதே. ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் விரலால் ஒருமுறை இலையைத் துடைத்துப் பாருங்கள். கரித்தூள் என்றால் உலர்ந்த பொடியாக விரலில் ஒட்டும், அடியில் இலை பச்சையாகத் தெரியும். கரும்பூசணம் என்றால் இலை பிசுபிசுக்கும்; நகத்தால் நெம்பினால் மெல்லிய கறுப்புத் தாளாக உரிந்து வரும். கரித்தூள் மரம், மதில், கார் என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றிலும் படியும். கரும்பூசணமோ சாறு உறிஞ்சும் பூச்சியின் கழிவான தேன்போன்ற திரவம் எங்கே சொட்டுகிறதோ அங்கே மட்டும் வளரும். தென்னைக்குக் கீழே நிற்கும் செம்பருத்தி கறுத்திருந்தால் செம்பருத்தியைக் குற்றம் சொல்லாதீர்கள். அண்ணாந்து பாருங்கள்.

உப்பும் ஒரு சந்தேக நபர்தான். கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் கடலோரத் தெருக்களில் வேம்பும் சப்போட்டாவும் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகி நிற்கும். நிலத்தடி நீர் உப்பேறிய வீடுகளில் எல்லாப் பக்கமும், முதிர்ந்த இலைகளில் நுனியும் விளிம்பும் முதலில் காயும். இந்த இரண்டிலும் பூச்சியே கிடையாது. 2023 டிசம்பர் மழையைச் சொல்லவே வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. முருங்கைக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அப்படி வேர் அழுகிச் சரியும் மரத்துக்கு எந்தப் பூச்சிமருந்தும் உதவாது. இல்லாத பூச்சிக்கு அடித்த மருந்துக்கும் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

சரி, இலை பிசுபிசுக்கிறது, கறுப்பு உரிகிறது. இப்போது மேலே உள்ள ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகுப் பொடியால் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டு மாதிரிகளைக்கொண்டு 2004இல் அறிவியலார் இதற்குப் பெயர் வைத்தார்கள். 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தெருமரங்களைப் பிடித்தது. 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் பாலக்காட்டிலும் தலைகாட்டியது. அங்கிருந்து தென்னங்கன்றோடும் ஓலையோடும் லாரி ஏறித் தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. தென்னை மட்டுமல்ல, வாழை, கொய்யா, வாதாமரம் எல்லாம் அதற்கு வீடுதான்.

இதற்குத்தான் பெரும்பாலும் மருந்து வண்டி வருகிறது. இதற்குத்தான் வரவே கூடாது. குஞ்சுப் பூச்சிகள் மெழுகுப் போர்வைக்குள் கிடப்பதால் மேலே விழும் மருந்து எல்லாவற்றுக்கும் போய்ச் சேராது. சேர்ந்து சாவது, அந்தக் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும் என்கார்சியா குவாடலூப்பே என்ற கண்ணுக்கு அரிதான குளவி. இந்தக் குளவியை யாரும் காசு கொடுத்து வாங்கி வரவில்லை. 1990களில் வந்த, சுழல் வெள்ளை ஈ என்ற பழைய இனத்தின் பின்னாலேயே இங்கு வந்து சேர்ந்தது. புதிய ஈ வந்ததும் அதையும் சாப்பிடப் பழகிக்கொண்டது. உங்கள் மரத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். குளவி முட்டையிட்ட வெள்ளை ஈக் குஞ்சு கறுத்துப்போயிருக்கும். காலிக் கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயிருக்கிறது. ஆங்கில 'டி' எழுத்துப்போல் பிளந்திருந்தால் ஈ வெளியே போயிருக்கிறது. வட்ட ஓட்டைகள் நிறைய தெரிந்தால் அந்த ஓலையை வெட்டி எரிக்காதீர்கள். உங்கள் கூலிப்படையை நீங்களே கொளுத்துவதாக ஆகும். பக்கத்து வீட்டு மரத்தில் குளவி இல்லையென்றால் அந்த ஓலைத் துண்டைக் கொண்டுபோய் அங்கே கட்டிவிடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்குச் சொல்லும் வழியும் இதுதான்.

அதுவரை செய்ய வேண்டியவை எளியவை. குட்டை மரமென்றால் ஓலையின் அடிப்பக்கத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் நிற பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் கட்டுங்கள். பறக்கும் ஈ வந்து ஒட்டும். கறுப்பைப் போக்க லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்துத் தெளித்தால் அது காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழும். மைதாவைப் புரோட்டாவுக்கு என்றே நேர்ந்துவிட்ட ஊரில் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஈயால் தென்னை சாவதில்லை. பார்க்கச் சகிக்காது, காய்ப்புக் கொஞ்சம் குறையலாம், அவ்வளவே. நல்ல மழை ஒன்று பெய்தால் பாதிக் கூட்டம் கழுவிப் போய்விடும்.

பப்பாளி, செம்பருத்தி, கொய்யா பக்கம் வருவோம். கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் இருப்பது மாவுப்பூச்சி. கொஞ்சம் வயதானவர்களுக்கு 2008 நினைவிருக்கும். மெக்சிகோவைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி அந்த ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு நாட்டையே வெளுத்துவிட்டது. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம் வரவழைத்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைத் தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இன்றும் அது ஊரைவிட்டுப் போகவில்லை, குளவியும் போகவில்லை. மருந்தடித்துக் குளவியைக் கொன்ற தோட்டத்தில்தான் அது திரும்பத் தலைதூக்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே அதைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு, சுறுசுறுப்பாக நகரும் ஒன்றைப் பார்த்தால் அதுதான் தலைவன் என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. 1898இல் காபித் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. அதன் நடுவிலேயே வேடமிட்டுத் திரிவது. நம் நாட்டிலேயே இருக்கும் ஸ்பால்கிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் அப்படித்தான், மாவுப்பூச்சியின் மெழுகையே மேலே பூசிக்கொண்டு அதையே மேயும். இதன் கூட்டுப்புழுவைக் கிட்டத்தில் பார்த்தால் குரங்கு மூஞ்சிபோல இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மறக்கமாட்டார்கள். நிற்பது எதிரி, ஓடுவது நண்பன் என்று தோராயமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிய இடத்தில் கிடக்கும், தின்ன வந்தவன்தான் அலைவான்.

கூட்டம் சிறியதென்றால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். தேன்துளிக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். தண்டைச் சுற்றிப் பாலித்தீன் பட்டை கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. துறைமுக ஊரில் கிரீஸுக்கா பஞ்சம்!

மீன் எண்ணெய் சோப்பு என்று ஒன்று உண்டு. மீன் எண்ணெயும் ரோசின் என்ற ஒரு வகைப் பிசினும் சேர்த்துச் செய்வது. லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, வெயில் தணிந்த பிறகு பூச்சிமேல் நேராகப் படும்படி தெளித்தால் மாவுப்பூச்சி, அசுவினி, இளம் கம்பளிப்புழு போன்ற மெல்லிய உடம்புக்காரர்கள் போய்விடுவார்கள். இலையில் தங்கி நாள் கணக்கில் கொல்லும் விஷம் அல்ல. காய்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. நாற்றத்தைப் பற்றி நம்மிடம் யாரும் புகார் சொல்லக் கூடாது.

இனி முருங்கை. சாத்தான்குளம், உடன்குடித் தேரிக்காடுகளில் முருங்கையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கம்பளிப்பூச்சி வந்ததும் மரத்தை வெட்டுவதில்லை. நகரத்தில்தான் வெட்டுகிறோம். நடப்பது இதுதான்: முதல் மழைக்குப் பின், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வாசல் விளக்கைச் சுற்றும். யூப்டிரோட்டி மொல்லிஃபெரா என்பது அதன் அறிவியல் பெயர். இலையிலும் இளந்தண்டிலும் குவியலாக முட்டையிடும். பொரித்த புழுக்கள் கூட்டமாகவே வாழும். இரவில் இலை மேயும், பட்டையைச் சுரண்டும். பகலில் அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். அந்தப் பகல் உறக்கம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மரம் முழுக்க மருந்தடிக்க அவசியமே இல்லை, எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, வாரியலால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. கைக்கு எட்டாத உயரமென்றால் மீன் எண்ணெய் சோப்புக் கரைசல்.

தீப்பந்தம் கொளுத்திக் காட்டுவது பழைய வழக்கம். தோட்டத்தில் செய்கிறார்கள், பரிந்துரையிலும் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவே, மின்கம்பிக்கு அடியில் வேண்டாம் என்பேன். மெல்லிய முருங்கைப் பட்டை வெந்தால் அந்தப் புண்ணில் பிசின் வடியும், துளைப்பான் நுழையும். புழுக்கள் மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். ஆகவே கூட்டம் ஓய்ந்ததும் மரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திவிடுங்கள், மைனாவும் கோழியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மற்றப் பறவைகள் ரோமம் கண்டு ஒதுங்கினாலும் சுடலைக்குயில் விரும்பித் தின்னும். ரோமம் பட்டு அரித்தால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை வைத்து இழுத்துவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போங்கள். பிள்ளைகளுக்கு அரிக்கிறது என்பதற்காக வருஷம் முழுக்கக் கீரையும் காயும் கொடுத்த மரத்தை வெட்டுவது, ஒரு காலை வேலைக்குப் பயந்து செய்வது.

தென்னையில் ஓலை 'வி' வடிவத்தில் கத்தரித்ததுபோல் விரிந்தால் காண்டாமிருக வண்டு. அது பிறப்பது உங்கள் எருக்குழியிலும் மட்கிய தென்னங்கட்டையிலும்தான். குருத்துக்குள் கம்பிக் கொக்கியை விட்டு இழுத்தால் வண்டு வரும். மணலோடு வேப்பங்கொட்டைத் தூளைக் கலந்து மேல்மட்டைக் கக்கங்களில் போட்டால் மறுபடி அண்டாது. சிவப்புக் கூன்வண்டுதான் உண்மையில் ஆபத்தானது. தண்டில் ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நீர், மென்று துப்பிய நார். தண்டில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே அரைக்கும் சத்தம் கேட்கும். பச்சை மட்டையை அடியொட்ட வெட்டும் பழக்கம் அதற்கு விரித்த பாய்; வெட்டித்தான் தீரவேண்டும் என்றால் நான்கு அடி மட்டையாவது விட்டு வெட்டுங்கள். இந்த வண்டு தெற்காசியாவின் சொந்தக்காரன். 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளின் பேரீச்சைக்குப் போய், கன்றுகளோடு பயணம் செய்து மத்தியதரைக் கடல் வரை பரவிவிட்டது. வருவது மட்டும்தான் நம் கதை என்று நினைக்க வேண்டாம்.

ஒரு சொல் தென்னை வேரில் மருந்து கட்டுவது பற்றியும். அப்படிக் கட்டினால் நாற்பத்தைந்து நாள் அந்த மரத்தில் இளநீர்கூட வெட்டக் கூடாது என்பது விதி. பத்தடியில் கிணறு, வாசலில் விளையாடும் பிள்ளை, கேட்காமல் இளநீர் வெட்டும் சொந்தக்காரர்கள் என்று இருக்கும் வளவில் அந்த விதியை யார் காப்பாற்றுவது? வேம்புக்கும் மருந்து வேண்டாம் என்பதே என் பேச்சு. கொழுந்து காய்வதைப் பார்த்துப் பதறாதீர்கள். தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சியும் ஒரு பூசணமும் சேர்ந்து செய்யும் வேலை அது. தெலங்கானாவில் சில ஆண்டுகளுக்கு முன் பெரிதாகப் பேசப்பட்டது. பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.

துறைமுகத்தின் பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டும். மரக்கட்டை, ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை என்று எத்தனையோ சரக்கு இறங்கும் இடம் இது. தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் ஒன்று இங்கே இயங்குகிறது. 1914ஆம் ஆண்டின் அழிவுதரும் பூச்சிகள் சட்டமும் 2003ஆம் ஆண்டின் இறக்குமதி ஆணையும் அதன் கையில் உள்ள ஆயுதங்கள். கப்பல் சரக்கை அவர்கள் பார்ப்பார்கள், புகைமூட்டுவார்கள். ஆனால் கொழும்பிலிருந்து அத்தை மகள் பைக்குள் செருகிக்கொண்டு வரும் செம்பருத்திக் கொம்பை யார் பார்ப்பது? பழைய சுழல் வெள்ளை ஈ இலங்கையில் 1990இலும் கேரளத்தில் 1993இலும் தெரிந்தது என்பதை நினைவில் வையுங்கள். வெளியூர் நர்சரியிலிருந்து தென்னங்கன்று இறக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: இலையடியைப் பாருங்கள், இரண்டு வாரம் மற்ற மரங்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடல் வழியாகக் கேடு மட்டும் வரவில்லை. நம் தாத்தா பாட்டி காலத்தில் தென்மாவட்டங்களைச் சப்பாத்திக்கள்ளி விழுங்கிக்கொண்டிருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு வகைக் கொச்சினீல் செதில்பூச்சி அதைத் தின்று அடக்கியது. இதற்கு முன்கதை ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1795இல் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று நம்பிக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் பிரேசிலிலிருந்து கொச்சினீலைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம். உருப்படியான சாயம் தரவில்லை, கள்ளியை மட்டும் வெளுத்து வாங்கியது. பூச்சியை அடையாளம் தெரியாமல் காசைப் போட்டவர்கள் நாம் மட்டுமல்ல, கம்பெனியாரும்தான். அவர்கள் தப்பில் ஊருக்கு நன்மை விளைந்தது; நம் தப்பில் அப்படி நேர வாய்ப்பு குறைவு. உயரமான தென்னைக்கு அடிக்கும் மருந்தில் எவ்வளவு மரத்தில் படும்? மிச்சம் திறந்த தண்ணீர்த் தொட்டியிலும், திரேஸ்புரம் பக்கம் காயும் கருவாட்டிலும், அடிக்கிற கூலிக்காரரின் நெஞ்சிலும்தான் இறங்கும்.

சங்கங்களிடம் நான் கேட்பது மூன்று. அடுத்த கூட்டத்தில் மொத்த மருந்தடிப்பு ஒப்பந்தம் வந்தால் ஒத்திவையுங்கள். அந்தப் பணத்தில் தெருவுக்கு இரண்டு பூதக்கண்ணாடியும் ஒரு கைத்தெளிப்பானும் வாங்குங்கள். அடையாளம் பிடிபடாத பூச்சியை வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ, வாகைகுளத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்ட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கொண்டுபோகிறவர் இலையைப் பாலித்தீன் பையில் கட்டினால் வியர்த்து அழுகிவிடும். பழைய செய்தித்தாளில் மடித்து எடுத்துச் செல்லட்டும். உயிரோடு நாலைந்து பூச்சிகள் மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் இருக்கட்டும். எந்த மரம், மரத்தின் எந்தப் பக்கம், எப்போது முதல், அதற்குள் ஏதாவது மருந்து அடித்தாயிற்றா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். அடித்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

இப்படிக்கு,
முத்துநகர்வாசி ஒருவன்